ஹாஸ்கெலில் அணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான், ஜாவா, சி++ என்று வேறு மொழிகளில் பழகிவிட்டு ஹாஸ்கெல் என்ற செயற்கூற்று (ஃபங்ஷனல்) மொழியைக் கற்க வருகிறவர்களுக்கு நான் சில காலமாக உதவி வருகிறேன். மொனாட் என்ற சொல்லைக் கேட்டுத்தான் மிரளுவார்கள் என்று முதலில் நினைத்திருந்தேன். உண்மையில் அவர்கள் திணறுவது அணியில்தான். அணி என்று நான் சொல்வது, வகுப்பில் அரே என்று கேட்டுப் பழகிய அதே பொருளைத்தான். திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நிரலில் வரும் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருப்பதால், அவற்றை அப்படியே கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

சதுர அடைப்புக்குறிக்குள் எண்களை எழுதினால் அது அணிதானே?

இல்லை, அது பட்டியல். ஒவ்வொரு கண்ணியும் தன் மதிப்பையும் அடுத்த கண்ணி இருக்கும் இடத்தையும் மட்டுமே அறிந்திருக்கும் சங்கிலி அது. ஐந்நூறாவது உறுப்பு வேண்டுமென்றால் முதல் கண்ணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்துதான் போக வேண்டும். `!!` என்ற குறி பார்வைக்குச் சுட்டெண் (உறுப்பின் இடத்தைச் சொல்லும் எண்) போலத் தோன்றினாலும் அது செய்வது இந்த நடையைத்தான். 10,000 உறுப்புகள் கொண்ட பட்டியலில் ஒவ்வோர் உறுப்பையும் `!!` மூலம் எடுத்தால் ஏறத்தாழ 5 கோடி அடிகள் நடந்திருப்பீர்கள்.

இடச் செலவும் கூடுதல்தான். 64 பிட் கணினியில் ஜிஎச்சி கம்பைலரின் கீழ், முழு எண் பட்டியலில் கண்ணிக்கு 24 பைட்டும் எண்ணுக்கு 16 பைட்டும் ஆக ஓர் உறுப்புக்கு 40 பைட் செலவாகும். 10 லட்சம் எண்களுக்கு 4 கோடி பைட். அதே எண்களைப் பொதியாமல், வெறும் எண்களாக அடுத்தடுத்து அடுக்கும் அணியில் 80 லட்சம் பைட் போதும். இதற்காகப் பட்டியலைப் பழிக்க வேண்டியதில்லை. முன்னிருந்து பின்னாக ஒருமுறை கடந்து போகும் வேலைகளில் அதை மிஞ்சுவது கடினம். பல நேரங்களில் முழுப் பட்டியலும் ஒரே சமயத்தில் நினைவகத்தில் இருப்பதே இல்லை.

அப்படியென்றால் உண்மையான அணி எங்கே இருக்கிறது? அதை எப்படி உருவாக்குவது?

டேட்டா.அரே என்ற தொகுதியில் இருக்கிறது. ஹாஸ்கெல் 98 வரையறையிலேயே அதற்கு இடமுண்டு. `மழை = லிஸ்ட்அரே (1, 12) அளவுகள்` என்று எழுதினால், 1 முதல் 12 வரை சுட்டெண் கொண்ட அணி கிடைக்கும்; `மழை ! 10` என்பது அக்டோபர் மாத அளவைத் தரும். எவ்வளவு பெரிய அணியானாலும் இந்த `!` ஒரே அடியில் உறுப்பைச் சென்றடையும்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மேல் எல்லையும் அணிக்குள் அடக்கம். `(0, 10)` என்று எழுதினால் 11 உறுப்புகள். பைத்தானின் பழக்கத்தில் வருபவர்கள் முதல் வாரத்தில் இதில் தடுக்கி விழாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது, சுட்டெண் என்பது எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐஎக்ஸ் என்ற வகுப்பில் சேர்ந்த எந்த வகையும் சுட்டெண் ஆகலாம்: எழுத்து, மெய்–பொய், எண்களின் இணை. சதுரங்கப் பலகையை `((1,1), (8,8))` என்ற எல்லையோடு எழுதினால் இரு பரிமாண அணி தயார். அணிகளின் அணி தேவையில்லை. உறுப்புகள் நிரை நிரையாக அடுக்கப்படும். இணையின் இரண்டாம் எண்தான் முதலில் ஓடும்.

எல்லைக்கு வெளியே உள்ள சுட்டெண்ணைக் கொடுத்தால் கம்பைலர் பிடித்துவிடாதா?

பிடிக்காது. நிரல் ஓடும்போது பிழையாக வெடிக்கும். வகைகளை இவ்வளவு கறாராகச் சரிபார்க்கும் மொழியில் இது ஏமாற்றமாகத் தோன்றுவது நியாயமே. வெக்டர் என்ற இன்னோர் அணி நூலகத்தில் `!?` என்ற குறி இருக்கிறது. அது எல்லை மீறினால் வெடிப்பதற்குப் பதிலாக மேபி வகையில் 'இல்லை' என்ற விடையைத் தரும்.

ஒரே ஓர் உறுப்பை மாற்றத்தான் கேட்கிறேன். `அ[3] = 50` என்று ஒரு வரியில் முடிவது இங்கே ஏன் முடியவில்லை?

ஹாஸ்கெல் போன்ற தூய செயற்கூற்று மொழியில் `அ` என்பது ஒரு பெட்டியின் பெயர் அல்ல, ஒரு மதிப்பின் பெயர். 7 என்ற எண்ணை 8 ஆக 'மாற்ற' முடியாததைப் போலவே, ஓர் அணி மதிப்பையும் மாற்ற முடியாது. `அ // [(3, 50)]` என்று எழுதலாம். அது மூன்றாம் இடத்தில் 50 இருக்கும் இன்னொரு அணியைத் தரும். `அ` இருந்தபடியே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற செயற்கூறுகளுக்கு எதுவும் தெரியவராது.

இந்தப் பிடிவாதத்தால் கிடைப்பது ஒன்றுண்டு. ஓர் அணியைப் பத்துச் செயற்கூறுகளுக்குக் கொடுத்தாலும், பத்து இழைகளில் ஒரே நேரத்தில் படித்தாலும், யாராவது அதைக் கெடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் இல்லை. பாதுகாப்புக்காக முன்கூட்டியே நகல் எடுத்து வைக்கும் பழக்கமும் தேவைப்படாது. அதற்குரிய விலை அடுத்த கேள்வியில் வருகிறது.

`//` ஒவ்வொரு முறையும் முழு அணியையும் நகலெடுக்கிறது என்றால், லூப்பில் பயன்படுத்தினால் நிரல் ஊர்ந்து போகாதா?

ஊர்ந்துதான் போகும். 1 லட்சம் உறுப்புகள் கொண்ட அணியில் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி `//` மூலம் புதுப்பித்தால், 1 லட்சம் முறை 1 லட்சம் உறுப்புகளை நகலெடுப்பீர்கள். அதாவது 1,000 கோடி நகல்கள். ஹாஸ்கெல் மெதுவான மொழி என்று என்னிடம் முறையிட்டவர்கள் கொண்டுவந்த நிரல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே நோய்தான்.

ஆனால் `//` இணைகளின் பட்டியலைத்தான் ஏற்கிறது என்பதைக் கவனியுங்கள். 1 லட்சம் மாற்றங்களையும் ஒரே பட்டியலாகக் கொடுத்தால் நகல் ஒருமுறை மட்டுமே. ஆகவே 'உறுப்பை எப்படி மாற்றுவது' என்று தொடங்காமல், என்னென்ன மாற்றங்கள் வரப்போகின்றன என்பது முன்கூட்டியே தெரியுமா என்று தொடங்க வேண்டும். அதற்கு மூன்று விதமான விடைகள் உண்டு. உள்ளே வரும் தரவிலிருந்தே மாற்றங்கள் எல்லாம் தெரிந்துவிடலாம். ஒவ்வோர் உறுப்பும் ஒரே ஒருமுறை எழுதப்பட்டு, பிற உறுப்புகளைச் சார்ந்திருக்கலாம். அல்லது, ஒரே இடம் பலமுறை மாற்றி எழுதப்பட்டு, அடுத்த அடி அப்போதைய நிலையைப் பார்த்து முடிவாகலாம். அடுத்து வரும் கேள்விகள் இந்த மூன்று நிலைகளைப் பற்றியவை.

ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ண வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாமல் எப்படி எண்ணுவது?

கூட்டுவது நடக்கும், அதை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. `அக்யூம்அரே (+) 0 (0, 100) [(ம, 1) | ம <- மதிப்பெண்கள்]` என்ற ஒரே வரி போதும். எல்லா இடங்களிலும் 0 வைத்துத் தொடங்கி, பட்டியலில் வரும் ஒவ்வோர் இணைக்கும் உரிய இடத்தில் கூட்டிக்கொண்டு போகும். உள்ளுக்குள் அது ஓர் அணியை இருந்த இடத்திலேயே மாற்றித்தான் கட்டுகிறது. கட்டி முடித்த பிறகே உங்கள் கையில் கொடுப்பதால், மாற்றம் நடந்தது வெளியே தெரிய வழியில்லை. கூட்டலுக்குப் பதிலாகப் பெருமம், பட்டியலில் சேர்த்தல் என்று எந்தச் செயற்கூற்றையும் கொடுக்கலாம். அணி நூலகத்தில் இதைப் போல உழைத்தும் பெயர் வாங்காத செயற்கூறு வேறில்லை என்பது என் எண்ணம்.

பழைய கம்பைலரில் இதே வரி நினைவகத்தை விழுங்கியதாகப் படித்திருப்பீர்கள். கூட்டலை உடனே செய்யாமல் 'பிறகு செய்ய வேண்டிய கூட்டல்' என்று குவித்து வைத்ததுதான் காரணம். 2016இல் வந்த ஜிஎச்சி 8.0 முதல் ஒவ்வொரு கூட்டலும் உடனுக்குடன் செய்யப்படுகிறது.

அணியின் ஓர் உறுப்பு அதே அணியின் முந்தைய உறுப்புகளைச் சார்ந்திருந்தால் என்ன செய்வது? டைனமிக் புரோகிராமிங் ஹாஸ்கெலில் முடியுமா?

சிறு கணக்குகளின் விடைகளை அட்டவணையில் வைத்துப் பெரிய கணக்கைக் கட்டும் அந்த முறை இங்கே முடியும், அழகாகவே முடியும். டேட்டா.அரே உறுப்புகளைச் சோம்பலாக வைத்திருக்கும்: ஒவ்வோர் இடத்திலும் மதிப்பு இருக்காது, அந்த மதிப்பைக் கண்டுபிடிக்கும் குறிப்பு மட்டுமே இருக்கும், யாராவது கேட்கும்போதுதான் கணக்கு நடக்கும், ஒருமுறை நடந்தபின் விடை அங்கேயே தங்கிவிடும். எனவே அணியை வரையறுக்கும்போதே அந்த அணியின் பெயரைப் பயன்படுத்தலாம்.

இரண்டு சொற்களுக்கு இடையிலான திருத்தத் தொலைவை எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை சேர்த்தல், நீக்கல், மாற்றல் வேண்டும் என்ற கணக்கு அது. `ப` என்ற அட்டவணையில் `(இ, ஈ)` இடத்தில் வரவேண்டிய விடையைத் தரும் செயற்கூறு `தொலைவு இ ஈ` என்றால், `ப = லிஸ்ட்அரே எல்லை [தொலைவு இ ஈ | (இ, ஈ) <- ரேஞ்ச் எல்லை]` என்று எழுதிவிட்டு, `தொலைவு`க்குள் `ப ! (இ-1, ஈ)`, `ப ! (இ, ஈ-1)`, `ப ! (இ-1, ஈ-1)` ஆகிய மூன்றையும் கேட்கலாம். எந்த வரிசையில் நிரப்புவது என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் வரிசையே நிரப்பும் வரிசையாகிவிடும். மற்ற மொழிகளில் டைனமிக் புரோகிராமிங் பிழைகளில் பெரும்பங்கு இந்த வரிசையைத் தவறாக எழுதுவதால் வருபவை என்பதை நினைத்தால், இது சிறிய வசதி அல்ல. தமிழ்ச் சொற்களோடு இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஹாஸ்கெலின் எழுத்து வகை யூனிகோடு குறியெண்ணைக் குறிப்பதால், 'கால்' என்பது இரண்டு எழுத்தாக அல்லாமல் நான்கு உறுப்புகளாக வரும்.

அதே நிரலில் வேகத்துக்காக அரேயை யூஅரே என்று மாற்றினேன். நிரல் தொங்கிவிட்டது. ஏன்?

யூஅரே உறுப்புகளைப் பொதியாமல், வெறும் எண்களாக அடுத்தடுத்து வைக்கிறது. வெறும் எண் இருக்க வேண்டிய 8 பைட் இடத்தில் 'பிறகு கணக்கிடு' என்ற குறிப்பை வைக்க முடியாது. ஆகவே அணி பிறக்கும்போதே எல்லா உறுப்புகளும் கணக்கிடப்பட்டாக வேண்டும். ஆனால் உங்கள் உறுப்போ, இன்னும் பிறக்காத அதே அணியைக் கேட்கிறது. ஓடுசூழல் இந்தச் சுழலைக் கண்டுகொண்டால் பிழை சொல்லி நிற்கும். கண்டுகொள்ளாவிட்டால் நிரல் அப்படியே தொங்கும்.

முந்தைய விடையில் சொன்ன வித்தைக்குச் சோம்பல் அணி கட்டாயம். எண்கள் பெரிய அளவில் இருந்து, தன்னைத்தானே சாராத அணியாகவும் இருந்தால் யூஅரேயைத் தேர்ந்தெடுங்கள்.

எரட்டோஸ்தனீஸ் சல்லடை எழுத வேண்டும். உண்மையிலேயே இருந்த இடத்தில் மாற்ற வழியே இல்லையா?

இருக்கிறது, இது மூன்றாவது நிலை. பகா எண்களைக் கண்டுபிடிக்க மற்ற எண்களை மடங்கு மடங்காக அடித்துக்கொண்டே போவதுதான் இந்தச் சல்லடை. ஓர் எண் ஏற்கெனவே அடிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே அதன் மடங்குகளை அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். அதாவது அடுத்த அடி அப்போதைய நிலையைச் சார்ந்திருக்கிறது. இதற்குத்தான் எஸ்டி மொனாட்: படிப்பதும் எழுதுவதுமான அடிகளை வரிசையாகக் கோத்து, வெளியே தெரியாமல் மாற்றம் செய்ய இடம் தரும் அமைப்பு. அதற்குள் எஸ்டியூஅரே (யூஅரேயின் மாற்றக்கூடிய வடிவம்) வகையில் ஓர் அணியை உருவாக்கி, படித்து, எழுதி, கடைசியில் ரன்எஸ்டியூஅரே மூலம் மாறாத அணியாக வெளியே கொண்டுவரலாம். லூப்பின் அமைப்பு சி மொழியில் எழுதுவது போலவே இருக்கும். சற்றே கூடுதலாகத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மெய்–பொய் மதிப்புகளை எஸ்டியூஅரே ஒரு மதிப்புக்கு ஒரு பிட் என்று அடுக்குவதால், 1 கோடி வரையிலான சல்லடைக்கு 12.5 லட்சம் பைட் அளவே போதும். உங்கள் நிரல் சரியா என்று பார்க்க ஓர் எண்: 1 கோடிக்குள் 6,64,579 பகா எண்கள் இருக்கின்றன.

உள்ளே மாற்றிவிட்டு வெளியே தூய்மை என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

ஒரு செயற்கூறு தூயதா என்பதை அதை அழைப்பவரின் இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை, பக்கவிளைவு ஏதுமில்லை என்றால் அது தூயது. உள்ளே கம்பைலர் கணினியின் பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) எண்ணை மாற்றி எழுதுவதை யாரும் குறை சொல்வதில்லை. அக்யூம்அரே செய்ததும் இதுதான் என்பதை மேலே பார்த்தோம்.

மாற்றக்கூடிய அந்த அணி வெளியே கசிந்துவிடாது என்பதற்கு என்ன உறுதி என்பதே உண்மையான கேள்வி. ஜான் லாஞ்ச்பரியும் சைமன் பெய்டன் ஜோன்ஸும் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை தந்தார்கள். எஸ்டி கணக்கு ஒவ்வொன்றுக்கும் வகையில் ஓர் அடையாள மாறி ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பிறந்த அணியின் வகையிலும் அதே மாறி இருக்கும். எஸ்டி கணக்கை ஓட்டி விடையை வெளியே தரும் ரன்எஸ்டி, அந்த மாறி எதுவாக இருந்தாலும் செல்லுபடியாகும் கணக்கை மட்டுமே ஏற்கும். அணியை அப்படியே விடையாகத் திருப்பித் தர முயன்றால், விடையின் வகையில் அந்த மாறி வெளியே தலைகாட்டும், கம்பைலர் நிறுத்திவிடும். நீங்கள் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. வகைச் சரிபார்ப்பே காவல்.

இரண்டே வரியில் குவிக்சார்ட் எழுதலாம் என்று எல்லோரும் காட்டுகிறார்களே, அது எந்த வகை?

அது பட்டியலில் எழுதப்பட்டது. குவிக்சார்ட் என்று டோனி ஹோர் கண்டுபிடித்த வரிசைப்படுத்தும் முறையின் உயிர், கூடுதல் இடமின்றி அதே அணிக்குள் உறுப்புகளை இடம் மாற்றிப் பிரிப்பதில் இருக்கிறது. அந்த இரண்டு வரிகளோ ஒவ்வொரு படியிலும் புதிய பட்டியல்களை உருவாக்கி ஒட்டுகின்றன. பலகையில் காட்ட நல்லது, வேலைக்கு உதவாது. உண்மையான குவிக்சார்ட் வேண்டுமென்றால் எஸ்டி மொனாட்டுக்குள் எழுதுங்கள். பட்டியலை வரிசைப்படுத்த மட்டும் என்றால் நூலகத்தின் சார்ட் போதும். அது மெர்ஜ்சார்ட் வகை.

ஃப்ரீஸ், அன்சேஃப்ஃப்ரீஸ் இரண்டும் ஒரே விடையைத்தானே தருகின்றன?

ஃப்ரீஸ், மாற்றக்கூடிய அணியை நகலெடுத்து மாறாத அணியாகத் தரும். அன்சேஃப்ஃப்ரீஸ் நகலெடுக்காமல் அதே நினைவகத்துக்கு மாறாத அணி என்று பெயர் சூட்டிவிடும். அதன் பிறகு பழைய பெயர் வழியாக யாராவது எழுதினால், மாறாதது என்று நாம் நம்பியிருக்கும் மதிப்பு கண்முன்னே மாறும். இந்த வகைப் பிழையைத் தேடுவது போன்ற துன்பம் இந்த மொழியில் வேறில்லை. ரன்எஸ்டியூஅரே உள்ளே நகல் எடுக்காமலே வேலையை முடிக்கிறது. பழைய பெயர் அதோடு மறைந்துவிடுவதால் அங்கே ஆபத்தில்லை. முடிந்தவரை அதையே பயன்படுத்துங்கள்.

அரே தொகுதியா, வெக்டர் நூலகமா? எதைக் கற்க வேண்டும்?

பல பரிமாணச் சுட்டெண், விருப்பமான எல்லை, சோம்பல் அட்டவணை ஆகியவற்றுக்கு அரே. 0இல் தொடங்கும் ஒற்றைப் பரிமாண வரிசையில் எண் கணக்குகளை வேகமாகச் செய்ய வெக்டர். வெக்டரில் ஒரு மேப், ஒரு ஃபில்டர், கடைசியில் ஒரு கூட்டல் என்று சங்கிலியாக எழுதினாலும், கம்பைலர் அவற்றைப் பெரும்பாலும் இடைநிலை அணிகள் இல்லாத ஒரே லூப்பாக உருக்கிவிடும்.

வெக்டரில் ஒரு பகுதியை வெட்டியெடுப்பது நகல் இல்லாத செயல் என்பதில் ஒரு பொறியும் உண்டு. 1 கோடி எண்களிலிருந்து 10 எண்களை வெட்டி வைத்துக்கொண்டால், அந்த 10 எண்களுக்காக முழு 1 கோடியும் நினைவகத்தில் நிற்கும். நீண்ட நாள் வைத்திருக்கப் போகும் துண்டை ஃபோர்ஸ் என்ற செயற்கூற்றால் நகலெடுத்துவிடுங்கள்.

பழைய அணியும் வேண்டும், புதிய அணியும் வேண்டும், மாற்றங்களும் அடிக்கடி நடக்கும். அப்போது?

அப்போது உங்களுக்கு வேண்டியது அணியே அல்ல, மரம். டேட்டா.சீக்வென்ஸ், இன்ட்மேப் போன்றவை உறுப்புகளை மரமாக வைத்திருப்பதால், ஒன்றை மாற்றும்போது வேரிலிருந்து அந்த உறுப்பு வரையிலான பாதை மட்டுமே புதிதாக எழுதப்படும். மற்றதெல்லாம் பழையதோடு பகிரப்படும். சீக்வென்ஸ், ரால்ஃப் ஹின்சேயும் ராஸ் பேட்டர்சனும் 2006இல் விவரித்த ஃபிங்கர் ட்ரீ அமைப்பைக் கொண்டது. இரு முனைகளிலும் சேர்ப்பதும் எடுப்பதும் மலிவு. குளோஜர் மொழியின் வெக்டர், கணுவுக்கு 32 கிளை கொண்ட மரம்: ஆறே அடுக்குகளில் 100 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் அடங்கிவிடும்.

இடத்திலேயே மாற்றுவது இல்லாவிட்டால் லாக் மடங்கு மெதுவாகத்தான் இருக்கும் என்று நிரூபணமே இருக்கிறதாமே?

பாதி உண்மை. மாற்றக்கூடிய நினைவகத்தில் செய்யும் எதையும் முந்தைய விடையில் சொன்ன மரத்தைக் கொண்டு தூய முறையில் பின்பற்றலாம். அதிகபட்ச இழப்பு ஒரு லாக் மடங்கு, அதாவது நினைவக அளவின் லாகரிதம் அளவுக்கான மடங்கு. நிக்கோலஸ் பிப்பெஞ்சர் 1996இல், உடனுக்குடன் கணக்கிடும் தூய லிஸ்ப் மொழியில் குறிப்பிட்ட ஒரு வகைக் கணக்குக்கு இந்த இழப்பைத் தவிர்க்கவே முடியாது என்று காட்டினார். ஆனால் மறு ஆண்டே ரிச்சர்ட் பேர்ட், ஜெரயின்ட் ஜோன்ஸ், ஓஜ் டி மோர் மூவரும் சோம்பல் மதிப்பீடு உள்ள மொழியில் அதே கணக்கை அந்த இழப்பின்றிச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். எல்லாக் கணக்குகளுக்கும் அது பொருந்தும் என்று அவர்கள் சொல்லவில்லை. எஸ்டி மொனாட் கையில் இருக்கும்போது இந்த விவாதம் அன்றாட வேலையைத் தொடுவதில்லை.

எஸ்டி மொனாட்டில் எழுதியும், பெரிய அணி மெதுவாகவே இருக்கிறதே?

எஸ்டியூஅரேயா, வெறும் எஸ்டிஅரேயா என்று முதலில் பாருங்கள். பின்னது பாயிண்டர்களைச் சேமிக்கிறது. அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு முறையும், அந்த இடம் மாறியிருக்கிறது என்று, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பானுக்குக் குறித்து வைக்க வேண்டும். ஜிஎச்சி 128 உறுப்புகளுக்கு ஒரு குறி என்ற கணக்கில் இதை வைத்திருக்கிறது. அணி பெரிதாகி, எழுதும் இடங்கள் சிதறிக் கிடந்தால் ஒவ்வொரு சிறு சேகரிப்பின்போதும் இந்தக் குறிகளைச் சரிபார்க்கும் வேலை கூடும். போதாததற்கு எஸ்டிஅரே சோம்பலானது. எழுதியது எண்ணா, எண்ணைக் கண்டுபிடிக்கும் குறிப்பா என்பதையும் கவனிக்க வேண்டும். எஸ்டியூஅரேயில் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை.

பழைய அணியை வேறு யாரும் பார்க்கவில்லை என்பதைக் கம்பைலரே கண்டுபிடித்து, `//`ஐ நகலின்றிச் செய்யக்கூடாதா?

செய்யும் மொழிகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் நைமேகனில் உருவான கிளீன் மொழி, ஒரு மதிப்பை ஒருவர் மட்டுமே வைத்திருக்கிறார் என்பதை வகையிலேயே எழுதவைத்து, அப்படிப்பட்ட அணியை இருந்த இடத்திலேயே மாற்றுகிறது. லீன் 4 என்ற மொழி ஒவ்வொரு மதிப்பையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓடும்போதே எண்ணுகிறது. எண்ணிக்கை 1 என்றால் மாற்றம் அங்கேயே, இல்லையென்றால் நகல். தூய மொழி வடிவத்தை விடாமல் அணி மாற்றத்தை ஓர் அடியில் முடிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பழைய அணியை எங்கோ ஒரு மாறியில் தெரியாமல் பிடித்து வைத்துவிட்டால், விடை மாறாமல் வேகம் மட்டும் சத்தமின்றிச் சரியும் என்பது அதன் குறை.

ஜிஎச்சி அப்படி எண்ணுவதில்லை. அதன் குப்பை சேகரிப்பு வேறு முறையில் இயங்குவதால், எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற செய்தி அதனிடம் இல்லை. 2021இல் வந்த 9.0 பதிப்பில் லீனியர் வகைகள் சேர்ந்தன. ஓர் அணியைச் சரியாக ஒருமுறை மட்டுமே பயன்படுத்துவேன் என்று செயற்கூற்றின் வகையிலேயே எழுதி, அதன் அடிப்படையில் இடத்திலேயே மாற்றும் அணிகளை நூலகங்கள் தர முடிகிறது. வகைப் பிழைகளோடு நிறைய மல்லுக்கட்ட வேண்டியிருப்பதால், இன்றைய நிலையில் புதியவர்களுக்கு நான் எஸ்டியைத்தான் சொல்லித் தருகிறேன்.